கடைசிப் பந்தியின் உப்பு

நகத்தால் கீறினாலே வெண்பொடி உதிரும் மென்மையான மாக்கல்லைக் குடைந்து செய்யப்படும் கல்சட்டி, தென்தமிழ்நாட்டுச் சமையலறைகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை மண்சட்டிக்கும் வெண்கலப் பானைக்கும் நடுவே தனக்கென ஓர் இடம் பெற்றிருந்தது. புதிதாக வாங்கியதை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் கண்டுவிடும் என்பதால், எண்ணெயும் மஞ்சளும் தடவி வைப்பதும் கொதிக்கும் வடிகஞ்சியைப் பல நாள் ஊற்றி ஆறவிடுவதுமாக அதைச் சூட்டுக்குப் பழக்குவார்கள். பழகிய பின் அது மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். அடுப்பை அணைத்த பிறகும் அதிலுள்ள குழம்பு சிறிது நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். இத்தன்மையினால்தான் சுண்டக்கறி வைப்பதற்கு அதைவிட ஏற்ற பாத்திரம் இல்லை என்று கருதப்பட்டது. முதல்நாள் மிஞ்சிய சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, அவியல் ஆகியவற்றை ஒன்றாக ஊற்றி மெல்லிய தீயில் நீர் வற்றக் காய்ச்சியெடுப்பது சுண்டக்கறி. சுண்டுதல் என்ற சொல்லுக்கே வற்றிக் குறுகுதல் என்றுதான் பொருள்.

இக்கட்டுரையாளருடைய பெரியம்மையின் கல்சட்டி இப்போது அவருடைய மகன்வழிப் பேத்தியின் அடுக்குமாடி வீட்டில், மிக்சிக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கும் இடையில் இருக்கிறது. பல ஆண்டுகள் பரணில் கிடந்த அச்சட்டியைக் கழுவிக் காயவைத்து, கீரை கடைவதற்காக அந்தப் பெண் கேஸ் அடுப்பில் ஏற்றிய ஒரு காலையில், சூடு பட்டதும் கல் குடித்து வைத்திருந்த பழைய நல்லெண்ணெயும் புளியும் பெருங்காயமும் கலந்த வாசனை எழுந்து கூடம் வரை வந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் அம்பாசமுத்திரத்தை அடுத்த ஓர் ஊரில், நீண்ட ரேழியும் புகை படிந்த உத்தரங்களுமாக இருந்த வீடும், அவ்வீட்டின் அடுப்படியில் எல்லோரும் எழுந்து போன பிறகு சுவரில் சாய்ந்து அமர்ந்து சாப்பிடும் பெரியம்மையும் அந்த வாசனையோடு சேர்ந்தே நினைவில் எழுந்தார்கள்.

அவ்வீட்டின் சாப்பாட்டு முறை எழுதப்படாத சட்டம் போன்றது. பள்ளிக்கும் வயலுக்கும் போக வேண்டியவர்கள் முதற்பந்தி. பெரியவர்களும் வந்த விருந்தாளிகளும் அடுத்தது. வீட்டுப் பெண்கள், அவர்களிலும் சமைத்தவர் எல்லோருக்கும் கடைசி. பரிமாறுகிறவர் கூட்டில் கிடக்கும் காயைத் தேடி எடுத்து முதற்பந்தியின் இலையில் வைப்பதும், ‘இன்னும் கொஞ்சம் அவியல் போட்டுக்கோ’ என்று வற்புறுத்துவதும் அன்பின் அடையாளமாகவே கருதப்பட்டன. அவை அன்பின் அடையாளங்களே என்பதிலும் ஐயமில்லை. ஆனால் கடைசிப் பந்தி வரும்போது அவியல் உருளியில் தேங்காய்க் கலவையும் ஒன்றிரண்டு வாழைக்காய்த் துண்டுகளும் மட்டுமே எஞ்சும்; கீரைச்சட்டியை வழித்தால் ஒரு கரண்டி தேறும். வடித்த சோறு பெரும்பாலும் போதாமல் போகும் என்பதால், தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, அதற்குத் துணையாக முந்தின நாள் சுண்டக்கறியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் பொரித்த மோர்மிளகாயையும் பெரியம்மை எடுத்துக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. கல்சட்டியின் அடியில் ஒட்டியதைப் பழைய சோற்றுருண்டையால் துடைத்து உண்பதுதான் தமக்கு அமுதம் என்று சொல்வார்; அந்த உருண்டையில் பங்கு கேட்டு அடுப்படி வாசலில் நின்ற சிறுவர்களுக்கும் அது அமுதமாகவே இருந்தது.

இக்காட்சியை இன்று நினைத்துப் பார்க்கும்போது, அதிலிருந்த உப்பின் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. குழம்பு சுண்டும்போது நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. ஆகவே ஒவ்வொரு நாள் குழம்பிலும் அளவாகவே இட்ட உப்பு, சுண்டக்கறியில் அளவு மீறிச் செறிந்திருக்கும். ஊறுகாய் கெடாமலிருப்பது உப்பினால். மோர்மிளகாய் என்பதோ மிளகாயைப் பகலில் காயவைத்து இரவில் உப்பிட்ட மோரில் ஊறப்போட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை அப்படியே செய்து எடுப்பது. ஒரு பெரியவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி பொடியுப்புக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதற்பந்தியில் அமர்ந்தவர்கள் அந்த எல்லையைத் தாண்டினார்கள் என்றால், கடைசிப் பந்தியில் அமர்ந்தவர் அதைப் பலமடங்கு தாண்டியிருக்கக் கூடும். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி வைப்பதால் ரத்தத்தின் அளவு கூடி, ரத்தநாளச் சுவர்மீது அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் இடக்கீழறை தடித்துப் போவதும், நாளங்களின் உட்சுவர் பழுதுபட்டுக் கொழுப்பு படிய இடம் கொடுப்பதும் இதன் தொடர்விளைவுகள். சோடியத்தை உடலிலிருந்து வெளியேற்றத் துணைசெய்யும் பொட்டாசியம் கீரையிலும் காயிலும் பருப்பிலும் பழத்திலும் மிகுதி. அவையனைத்தும் முதலிரண்டு பந்திகளிலேயே தீர்ந்துவிட்டன.

பாட்டி காலத்துச் சமையலே நோயற்ற வாழ்வுக்கு வழி என்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. அப்பேச்சில் உண்மை இல்லாமலில்லை. கொள்ளும் தட்டைப்பயறும் நாள்தோறும் ஏதேனும் ஒரு கீரையும், பொங்கலை ஒட்டிய நாட்களில் மண்மணத்தோடு வரும் சிறுகிழங்கும், கறுப்பு உளுந்தைத் தோலோடு சேர்த்து வடிக்கும் உளுந்தஞ்சோறும் அதற்கு இணையாக அரைக்கும் எள்ளுத் துவையலும் எந்த உணவியல் வல்லுநரும் மறுக்காத உணவுகள். இரவு முழுதும் நீரில் கிடந்து இலேசாகப் புளிக்கும் பழைய சோறும் தன்னளவில் நல்லதே. எனினும் அப்பெருமையைப் பேசுகிறவர்கள் பானையைப் பார்க்கிறார்களேயன்றி, அப்பானையிலிருந்து யாருடைய தட்டுக்கு எது போனது என்பதைப் பார்ப்பதில்லை. ஒரே அடுப்பில் ஒரே கையால் சமைக்கப்பட்ட உணவு, முதலில் உண்டவருக்கு ஒன்றாகவும் கடைசியில் உண்டவருக்கு வேறொன்றாகவும் இருந்தது. விறகடுப்பின் புகையும் அந்த ஒருவருக்கே முழுப் பங்காக வாய்த்தது. அப்புகை நுரையீரலை மட்டுமன்றி இதயத்தையும் ரத்தநாளங்களையும் தாக்குவது என்பதை அறியாமல், கண் எரிச்சலை மட்டும் அவ்வீட்டார் அதன் கேடாக எண்ணினார்கள்.

தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டிருந்த காலத்தில், ஐப்பசி அடைமழை நாளொன்றின் விடியலில் பெரியம்மைக்கு அது வந்தது. நள்ளிரவிலிருந்தே மேல்முதுகில் ஏதோ அழுத்துவதாகவும் கீழ்த்தாடை கனப்பதாகவும் இருந்ததைப் பொறுத்துக்கொண்டு அவர் எழுந்து, வாசல் தெளித்து, அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். காப்பித் தம்ளரை நீட்டிய கையில் வேர்வை வழிவதைக் கண்டு கேட்டபோது, ‘வாய்வுதான், வேறொண்ணுமில்ல’ என்றார். வீடு உடனே தனக்குத் தெரிந்த மருத்துவத்தில் இறங்கியது. ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுக்கப்பட்டது; நான்கு பல் பூண்டு தணலில் சுடப்பட்டது; வெந்நீர் ஒத்தடமும், முதுகில் கோடாலித் தைலமும் ஆயின. ஏப்பம் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. குமட்டலோடும் இளைப்போடும் பெரியம்மை அன்றைய இட்லியை ஊற்றியெடுத்தார். பதினொரு மணியளவில் அம்மிக்கருகே சரிந்து உட்கார்ந்தவரை, பக்கத்துத் தெரு ஆசிரியரின் வற்புறுத்தலால் வாடகைக் காரில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் முதலில் வயிற்றுப்புண்ணுக்கான ஊசியே போடப்பட்டது. மாலையில்தான் ஒருவர் இ.சி.ஜி. எடுத்தார், இதயத்தசையின் மின்னசைவைத் தாளில் கோடாக வரையும் அச்சோதனை, மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகிவிட்டதைக் காட்டியது.

வாய்வு என்ற சொல் தமிழ் வீடுகளில் ஒரு நோயின் பெயராக இருப்பதைவிடப் பல நோய்களை மூடும் போர்வையாக இருந்துவந்திருக்கிறது. மாரடைப்பு என்பது, இதயத்தசைக்கே ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் ஒன்றில் படிந்திருந்த கொழுப்புப் படிவு வெடித்து, அவ்விடத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து பாதையை அடைப்பதால் தசை மடியத் தொடங்கும் நிலை. இதயத்திலிருந்து வலிச்செய்தி கொண்டுசெல்லும் நரம்புகளும் தோள், கை, தாடை, முதுகு, மேல்வயிறு ஆகியவற்றின் நரம்புகளும் நெருங்கிய பாதைகளில் மூளையை அடைவதால், வலி எங்கிருந்து கிளம்பியது என்பதை மூளை பிரித்தறிய முடியாமல் வேறிடத்தில் உணர்கிறது. பெண்களுக்கும் நெஞ்சு அழுத்தமே பெரும்பாலும் காணப்படும் அறிகுறி. ஆனால் ஆண்களைவிட அவர்களிடம் தாடைவலி, முதுகுவலி, குமட்டல், மூச்சுத்திணறல், காரணமறியாத பெருஞ்சோர்வு ஆகியவை அதனோடு சேர்ந்தோ சில வேளை அது இல்லாமலோ மிகுதியாக வருகின்றன. இவற்றில் ஒவ்வொன்றும் வாய்வு என்ற போர்வைக்குள் எளிதாக அடங்கிவிடும். ஓமத்தண்ணீர் வாய்வைத் தணிக்கும் என்பது உண்மை. அதனாலேயே அது ஆறேழு மணி நேரத்தை விழுங்கிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து எவ்வளவு முந்திச் செலுத்தப்படுகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும் என்ற நோயில், அந்தக் காலைப்பொழுது பெரியம்மையின் இதயத்தில் மீட்க முடியாத ஒரு பகுதியைக் கொண்டுபோயிற்று.

மாரடைப்பு ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் அவ்வீட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டு வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பிந்தி வருவதாகக் கண்டது. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு ஓரளவு காப்பளிப்பதாகக் கருதப்படுகிறது. இந்தத் தாமதம் ஒரு வகையில் தீங்காகவும் முடிந்தது. நடுவயது ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் ஊரே ஓடிவரும், பேரன் பேத்தி எடுத்த பெண் இளைத்தால் வயதாகிவிட்டது என்று ஊர் சொல்லும். உலகளவில் பெண்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதய, ரத்தநாள நோய்களே முதலிடத்தில் இருக்கின்றன என்பது, புற்றுநோயை மட்டும் அஞ்சி வாழும் பல பெண்களுக்கு இன்றும் புதுச்செய்தி. இத்தனைக்கும், இந்தியாவில் இதயநோய் மருத்துவத்திற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் பெண். பர்மாவில் 1917ஆம் ஆண்டு பிறந்து, உலகப்போரின்போது அங்கிருந்து தப்பித் தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூருக்கு வந்துசேர்ந்த எஸ். பத்மாவதி, டெல்லியில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியான லேடி ஹார்டிங்கில் 1954ஆம் ஆண்டளவில் இதயநோய்ப் பிரிவை நிறுவினார். 1962ஆம் ஆண்டு அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 103 வயதுவரை வாழ்ந்து 2020ஆம் ஆண்டு மறைந்தார். அம்பாசமுத்திரத்து அடுப்படியில் பூண்டு சுடப்பட்ட காலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, பெண்கள் மருத்துவமனை ஒன்றில் பெண்களின் இதயத்தைக் கேட்டறிய ஒரு பெண் மருத்துவர் இருந்தார் என்பதை நினைக்கும்போது, அறிவு ஊர்வந்து சேர எத்தனை காலம் பிடிக்கிறது என்ற வருத்தம் மேலிடுகிறது.

பெரியம்மை பிழைத்து வந்தார். மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். படியேறினால் மூச்சு வாங்கும், மாலையில் கால் வீங்கும். உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அவர் தமக்கேயுரிய முறையில் நிறைவேற்றினார்: வீட்டாருக்கு வழக்கம்போல் சமைத்து முடித்துவிட்டு, தமக்கென்று தனியே ஒரு சின்னச் சட்டியில் உப்பில்லாக் கறி வைத்துக்கொள்வார். நோயாளிக்கு ஓய்வு தரவேண்டிய பத்தியம் அவருக்கு இரண்டாம் அடுப்பாக வந்து வாய்த்தது. நாலைந்து மாதம் கழித்து அவருடைய மருமகள், இக்கட்டுரையாளருக்கு மதினி முறையாகிறவர், யாரிடமும் சொல்லாமல் பெரிய குழம்புச் சட்டியிலேயே உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துவந்தார். மாங்காய் போட்டால் புளிப்பு உப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும். மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் கூடினால் நாக்கு குறை சொல்லாது. உப்புக்குப் பழகிய நாக்கு சில வாரங்களில் குறைவான உப்புக்கும் பழகிவிடும் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தவர்களுக்கு, அம்மதினி அதைப் படிக்காமலே செய்துகாட்டியது வியப்பாக இருந்தது. பெரியப்பா ஒருநாள் இலையில் கைவைத்து, ‘என்னம்மா, சப்புன்னு இருக்கே’ என்றபோது, மதினி ஊறுகாயைக் கொண்டுவந்து வைக்காமல், ‘அத்தையும் இதத்தான் மாமா சாப்பிடுதாவ’ என்று மட்டும் சொன்னார். அதன்பின் தனிச்சட்டி அடுப்பேறவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் கூட்டாஞ்சோறு அவ்வீட்டில் அடிக்கடி வைக்கப்படலாயிற்று. அரிசியும் துவரம்பருப்பும் வேகும்போதே கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், மாங்காய், கைநிறைய முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சேர்த்து, தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் மிளகாயும் அரைத்த விழுதோடு கிளறி இறக்கும் திருநெல்வேலிச் சாப்பாடு அது. அதன் சுவையைப் பற்றி எழுதியவர் பலர். அதன் நியாயத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். காயும் கீரையும் பருப்பும் சோற்றோடு பிரிக்க முடியாமல் குழைந்து கிடப்பதால், பரிமாறுகிறவர் எவ்வளவுதான் அன்போடு முதற்பந்திக்கு அள்ளி வைத்தாலும், பானையடியில் மிஞ்சுகிற கடைசிக் கவளத்திலும் அவையனைத்தும் அதே விகிதத்தில் இருக்கும். மறுநாள் சுண்டவைப்பதற்கும் அதில் ஒன்றும் இருக்காது.

அந்த மாரடைப்புக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. பெரியம்மையின் இரண்டாம் பேற்றின்போது கால்கள் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்று ஆனதை அவ்வீட்டு முதியவர்கள் கதையாகச் சொல்வார்கள். கருவுற்ற காலத்தில் உயர் ரத்த அழுத்தமோ நீரிழிவோ வந்து பேற்றுக்குப் பின் மறைந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது இன்று தெரிந்த செய்தி. அன்று பிள்ளைப்பேற்றோடு அக்கதை முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணினார்கள், இடைப்பட்ட முப்பதாண்டுகளில் ஒருமுறைகூட அவர் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டை சுற்றப்படவில்லை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் அதே தெருவில் இப்போது வீடுவீடாக வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறார்கள். அடுக்களையைவிட்டு நகர நேரமில்லாதவருடைய திண்ணைக்கே கருவி வருவது சிறிய செய்தியன்று.

மதினி இப்போது மகளுடன் அந்த அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பெரியம்மை சரிந்து உட்கார்ந்த வயதை அவரும் நெருங்கிவிட்டார். கல்சட்டி பரணிலிருந்து இறங்கிய சில வாரங்களுக்குப் பிறகு, ஒருநாள் மதியம் மாவரைத்துக்கொண்டிருந்தவருக்கு இடத்தோள் கனத்து, தாடை இழுத்து, மூச்சு முட்டியது. ‘வாய்வா இருக்கும்’ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மகள் 108 எண்ணை அழைத்துவிட்டாள். மருத்துவமனையில் உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள்; இதயத்தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. இரவு வீடு திரும்பிய மதினி, வாசலிலேயே நின்று, ‘வீணா எல்லாரையும் அலக்கழிச்சிட்டேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கூசினார். யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மகள் அன்று கல்சட்டியில் கூட்டாஞ்சோறு வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமாகியிருந்தாலும் கல்லின் சூடு ஆறாமலிருந்தது. முதல் அகப்பையை அவள் தாயின் தட்டை நோக்கி எடுத்தபோது, மதினி பழக்கத்தில் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ‘நீங்கள்லாம் மொதல்ல சாப்பிடுங்க’ என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு திரும்பி வரும்வரை அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.